தலைமாட்டில்

திருப்போரூர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா, தலை நிமிராமலே கேட்டார்.

"பேரு?"

"சிநேகா" என்றாள் வரலட்சுமி.

"வயசு?"

"பதினாலு. பொறந்ததுலேர்ந்து நடக்க மாட்டா டாக்டர். எங்க போனாலும் நான்தான் தூக்கிகினு போவணும்."

"இப்ப என்ன தொந்தரவு?"

"இடுப்பு வலி. குனிஞ்சா நிமிர முடில. நல்லாத் தூங்கியே மாசக்கணக்கா ஆவுது."

"மாசக்கணக்காவா? பெத்தவங்க இவ்ளோ அலட்சியமா இருக்கலாமா?"

"வுட்டுட்டு வர ஆளு கெடைக்கல டாக்டர்."

"யாரை?"

"சிநேகாவத்தான். இன்னிக்குத்தான் நாத்தனார் வந்து வூட்ல பாத்துக்கினு கீறாங்க."

டாக்டர் நிமிர்ந்தார். "அப்ப வலி யாருக்கு?"

"எனக்குத்தான்." வரலட்சுமி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரின்னாலே வாயில அவ பேருதான் வருது. நான் படுத்துட்டா அவளத் தூக்க ஆளில்ல டாக்டர். அதான் வந்தேன்."

டாக்டரின் குரல் தணிந்தது. "கட்டிலுக்குப் போங்கம்மா, பார்க்கிறேன்."

வரலட்சுமி போனாள். மகளின் தோளைப் பிடித்துக்கொள்ள எப்போதும் நிற்பதுபோலத் தலைமாட்டில் போய் நின்றுகொண்டாள்.

"அங்க இல்லம்மா." டாக்டர் தலையணையைத் தட்டிப் போட்டார். "இன்னிக்கு நீங்க படுங்க."