மணமேடைக்கு வந்த அப்பா

திரையில் பிச்சைமுத்து, மணமேடையில் இருந்த மகள் தினேஸ்வரியின் தலையில் கைவைத்து வாழ்த்திக்கொண்டிருந்தார். "அப்பா எங்கயும் போவலம்மா, ஒங்கூடத்தான் இருக்கேன்" என்று அவர் தழுதழுத்தபோது, சாட்சிக் கூண்டில் நின்ற அவர் மனைவி நவமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்ல மனுசன் போல இருக்கே" என்றார் கம்பெனி வக்கீல் சிவநேசன்.

"தங்கமான மனுசன் சார்."

ஈப்போ கோர்ட்டுக்கு நவமணி பயந்துகொண்டேதான் வந்திருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் கடித்துக் குதறிவிடுவார் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தியிருந்தார்கள். இந்த மனிதரோ நீதிபதியிடம் அனுமதி வாங்கித் தமிழிலேயே பேசினார், குடிக்கத் தண்ணீரும் வரவழைத்துக் கொடுத்தார்.

பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடிக்க வந்த கம்பெனிக் காவலாளிகள், குறுக்கே நின்ற பிச்சைமுத்துவை அடித்தே கொன்றார்கள். கால் இடறி விழுந்து செத்தார் என்று கம்பெனி சாதித்தது. அடித்ததற்கு இருந்த ஒரே அத்தாட்சி, மகன் சுரேன் வேலிக்குப் பின்னால் ஒளிந்து நின்று எடுத்த வீடியோதான். அடுத்த சாட்சி அவன் என்பதால் வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள்.

"கல்யாணம் எப்பம்மா?"

"போன தை மாசம் சார்."

"அவரு தவறுனது?"

"அதுக்கு முந்துன ஆடியில."

"அப்புறம் எப்படிம்மா மணமேடைக்கு வந்தாரு?"

நவமணியின் வக்கீல் ஆர்த்திகா பதறி எழுந்தாள். நீதிபதி அவளை உட்காரச் சொன்னார். நவமணிக்கும் அவள்மேல் எரிச்சலாகத்தான் வந்தது.

"சும்மா இருங்கம்மா, சார் நல்லாத்தானே கேக்குறாரு" என்றவள், சிவநேசன் பக்கம் திரும்பினாள். "எம் மவன் செஞ்சான் சார். அப்பா இல்லாம எப்படிக் கழுத்த நீட்டுவேன்னு பொண்ணு ஒரே அழுக. பழைய படத்த வச்சு ஏஐயில செஞ்சிட்டான்லா. கல்யாணத்துல போட்டப்ப குனோங் ராபாட் மண்டபமே அழுதுச்சு."

"அச்சு அசலா அவரு மாதிரியே இருக்கு."

"கொரலும் அப்படியேதான் சார். கட்டுன எனக்கே வித்தியாசம் தெரியல."

"கெட்டிக்காரப் புள்ள. பெரிய கம்ப்யூட்டர் ஏதும் வச்சிருக்கானோ?"

"அதெல்லாம் ஏது சார்? கையில இருக்குற போன்லயே செஞ்சிடுவான்."

பெரிய படிப்பு படித்தவர் இத்தனை பேர் முன்னால் தன் பிள்ளையை மெச்சியதில் அவளுக்கு மனம் நிறைந்துவிட்டது. வெளியே போனதும் முதல் வேலையாக இதைச் சுரேனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சிவநேசன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். குரலில் அதே கனிவு இருந்தது.

"ஒங்க வீட்டுக்காரர அடிக்கிற வீடியோவும் அதே போன்லேர்ந்துதானம்மா வந்துச்சு?"