மூன்றாவது மொட்டைக் கடிதம்

“பெத்த பிள்ளைகளை அடிக்கிறானாம்!” மேலதிகாரி கடிதத்தை மேசையில் எறிந்தார். “அதே பஸ் டிரைவர். அதே மொட்டைக் கடிதாசி. இது மூணாவது.”

பை அக்கா எடுத்துப் படித்தாள். குழந்தைகள் நல அலுவலகத்தில் அவளுக்குக் களப்பணியாளர் என்று பெயர். வீடு வீடாகப் போய்க் குடும்பங்களைப் பார்க்கிற வேலை. தோளில் தொங்கும் பைக்குள் இருபத்தாறு குடும்பங்கள் குடியிருந்தன. அதனால் போகிற இடமெல்லாம் அவள் பை அக்கா.

“இன்னிக்கே போங்க. உண்மைன்னா ரெண்டு பிள்ளைகளையும் கையோட காப்பகத்துக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. பொய்யின்னா ஃபைலை மூடிடுங்க. இழுத்தது போதும்.”

டிரைவருக்கு மனைவி தவறி ஒன்றரை வருஷம். இரண்டு பெண்கள்.

முதல் கடிதம், ‘பிள்ளைகள் பரட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போகிறார்கள்’ என்றது. பை அக்கா போய் டிரைவருக்குப் பின்னல் போடக் கற்றுக்கொடுத்தாள். முதல் பின்னலைக் கண்ணாடியில் பார்த்துப் பெரியவள் ஒரு மணி நேரம் அழுதாள். பத்தாவது பின்னலைப் பார்த்துவிட்டு, ‘எந்தக் கடையில் போட்டது?’ என்று டீச்சரே விலாசம் கேட்டாராம்.

இரண்டாவது கடிதம், ‘சின்னவளைப் பஸ்ஸிலேயே உட்காரவைத்து ஊர் சுற்றுகிறார்’ என்றது. அதுவும் உண்மைதான். நாலு வயசுக்கு அவளுக்கு எல்லா ஸ்டாப்பும் மனப்பாடம். கண்டக்டருக்கு லீவு கொடுத்துவிடலாம். பை அக்கா நாலு ஆபீஸ் ஏறி இறங்கிப் பாலர் பள்ளியில் இடம் வாங்கினாள்.

ஆனால் அடி என்பது பின்னல் சமாசாரம் இல்லையே.

டிரைவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே தையல்காரம்மா மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள்.

“மேல் வீட்டைப் பத்தி எழுதிப் போட்டது நீங்களாம்மா?”

“நானா? எனக்குக் கோபம் வந்தா எழுதவா செய்வேன்? மூணு தெரு தள்ளி நிக்கிறவனுக்குக் காது அடைக்கும்!”

“அடிக்கிற சத்தம், அழுற சத்தம், ஏதாவது?”

“அந்த ஆளு கத்தினாத்தான் தேவலையே! வாயைத் திறக்காம நின்னு ஒரே தட்டை அரை மணி நேரம் கழுவுறான். தட்டு தேஞ்சு தாளாயிடுச்சு.”

மேலே கதவைத் திறந்த டிரைவர் பை அக்காவின் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் ஒதுங்கி நின்றார்.

பிள்ளைகளை உள்ளறைக்கு அழைத்துப்போய் முதுகு, கை, கால் எல்லாம் பார்த்தாள். சின்னவள் முழங்கையில் ஒரு நீலம். பை அக்கா அந்தக் கையை வெளிச்சத்துக்கு இழுத்தாள். விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தாள். வந்துவிட்டது. பேனா மை.

“அப்பா அடிப்பாரா கண்ணு?”

“அப்பாவுக்கு அடிக்கவே தெரியாது அத்தை,” என்றாள் பெரியவள். “கொசுவைக்கூட ஊதித்தான் விடுவாரு. அது திரும்பி வந்து எங்களைக் கடிக்கும்.”

பை அக்கா கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

“தம்பி, பிள்ளைங்க உங்ககூடத்தான் இருப்பாங்க. புகார் பொய்யின்னு எழுதி இன்னியோட ஃபைலை மூடிடறேன். இனி என் தொல்லை கிடையாது. இந்தக் கடிதாசிக்காரன் மட்டும் கையில கிடைக்கட்டும், அவனுக்கு இருக்கு!”

டிரைவர் சிரிக்கவில்லை.

“மூடிடுவீங்களா?”

“சந்தோஷப்படுங்க தம்பி!”

“அது பொய்யில்லைக்கா.” அவர் தரையைப் பார்த்தார். “அடிக்கலை. ஓங்கினேன். வியாழக்கிழமை காலையில. பெரியவ குளிச்சுட்டிருந்தா. எனக்கு வண்டிக்கு நேரமாச்சு. சின்னவ பாலைக் கொட்டிட்டா. ஓங்கின கை பாதியிலேயே நின்னுடுச்சு. ஆனா அதுக்குள்ள அவ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாக்கா.”

உள்ளே சின்னவள் பொம்மைக்கு ஸ்டாப் பெயர்களை அறிவித்துக்கொண்டிருந்தாள்.

“இருங்க,” என்றாள் பை அக்கா. “நீங்களும் சின்னதும் மட்டும்தானே அங்க இருந்தீங்க? அப்புறம் கடிதாசி போட்டது யாரு?”

“நான்தான்.”

“என்னது?”

“மூணும் நான்தான்.”

பை அக்கா எழுந்துவிட்டாள். “உங்களுக்குப் பைத்தியமா தம்பி? பிள்ளைகளைத் தூக்கிட்டுப் போயிருப்பாங்களே!”

“தெரியும். பெட்டியில போட்டதிலேருந்து தூங்கலை. ஆனா அந்தக் கை இன்னொரு நாள் நிக்காமப் போயிட்டா?” அவர் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “முதல்ல முறையாத்தான்க்கா கேட்டேன். தனியா சமாளிக்க முடியலை, உதவி வேணும்னு உங்க ஆபீஸுக்கே விண்ணப்பம் போட்டேன். எட்டு மாசம் பதிலே இல்லை. அப்புறம்தான் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி என் மேலேயே ஒரு புகார் எழுதினேன். மூணாம் நாள் காலையில நீங்க வந்து கதவைத் தட்டினீங்க.”

பை அக்கா மறுபடி உட்கார்ந்து படிவத்தை எடுத்தாள். ‘உண்மை’ என்ற கட்டத்தை விட்டாள். ‘பொய்’யையும் விட்டாள். கீழே, யாரும் தொடாத மூன்றாவது கட்டத்தில் ‘தொடர்ந்து வந்து பார்க்க வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“இனிமே கை ஓங்கத் தோணிச்சுன்னா எனக்கு போன் பண்ணுங்க. தபால் வர ரெண்டு நாளாகுது.”

டிரைவர் சட்டையால் முகத்தைத் துடைத்தார். “எத்தனை நாளைக்குக்கா வருவீங்க?”

“அது என் கையில இல்லையே தம்பி,” என்றாள் பை அக்கா, பையை மாட்டியபடி. “புகார் கொடுத்தவருக்குத் திருப்தி ஆகிற வரைக்கும் வரணுங்கிறது எங்க ஆபீஸ் சட்டம்.”