எர்த் வயர்

சங்கரன்கோவிலில் வாங்கிய புதுவீட்டில் ஓவனைத் தொட்டதும் பொன்செல்விக்கு ஷாக் அடித்துவிட்டது. பதறி வந்த அப்பா சங்கரசுப்பு சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தார். பிறகு, வயரிங் வேலை செய்த பேச்சிராஜை வரவழைத்தார்.

“எர்த் வயரே கொடுக்கல. ஏலே, நீயெல்லாம் எலக்ட்ரீஷியனா? லைசென்ஸ் இருக்கா?”

“இல்ல அண்ணாச்சி.”

“ஸ்க்ரூ டிரைவரைப் பிடிச்சவன்லாம் எலக்ட்ரீஷியன்! என்னை மாதிரி லைசென்ஸ் உள்ளவன் பார்த்துக் கையெழுத்துப் போடணும்லே. அந்த விதியாவது தெரியுமா?”

“அது இருக்கு” என்று பேச்சிராஜ் ஒரு தாளைப் பொன்செல்வியிடம் நீட்டினான்.

வேலையை நேரில் சோதித்ததாக அதில் எழுதியிருந்தது. கீழே இருந்த கையெழுத்தை அவள் பன்னிரண்டு வருஷம் தன் ரேங்க் கார்டுகளில் பார்த்திருக்கிறாள்.

“எப்பப்பா வந்து பாத்திய?”

சங்கரசுப்பு தாளை வாங்கிப் புரட்டினார். பேச்சிராஜ்தான் சொன்னான்.

“அண்ணாச்சி எங்கன வந்தாவ? வெறும் ஃபாரத்துல மொத்தமாக் கையெழுத்துப் போட்டு எங்க கடைக்குக் கொடுத்திருக்காவ.”