பையனில்லா நாள்

ஏழாம் வகுப்பில் ஒரு பையன்கூட இல்லை.

பெண் பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன.

தலைமையாசிரியை தேவிகா வகுப்பாசிரியை தாமரைச்செல்வியிடம் தன் போனை நீட்டினார். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாள் மாலை போன தகவல் அது. "நாளை நம் வகுப்பில் பையனில்லா நாள்." அனுப்பியது அவள்தான்.

மாதக் கடைசியில் ஒரு நாள், பிள்ளைகள் புத்தகப் பை இல்லாமல் வந்து கைத்தொழில் கற்க வேண்டும். எல்லாம் புதிய கல்விக் கொள்கையின் உபயம். "பையில்லா நாள்" என்று போயிருக்க வேண்டிய தகவலில் ஒரு 'ன' புகுந்து பாதி வகுப்பை வீட்டோடு நிறுத்திவிட்டது.

"போன் தானா மாத்திடுச்சு மேடம்."

"பத்தரைக்குப் பாண்டிச்சேரியிலேருந்து ஆபீசர் வர்றாரு. உங்க போனையே பதில் சொல்லச் சொல்லுங்க. மெமோ மட்டும் உங்க பேருக்குத்தான் வரும்."

அதிகாரி வருவதே தாமரைச்செல்விக்கு அப்போதுதான் தெரியும். பதினோரு வருட வேலையில் அவள் ஒரு மெமோகூட வாங்கியதில்லை.

நாலு பையன்களையாவது பிடித்துவரலாம் என்று வாசலுக்கு ஓடினாள். மீன் கூடையோடு காசியம்மா போய்க்கொண்டிருந்தாள். அவள் மகனும் இந்த வகுப்புதான்.

"பையனில்லா நாள்னா என்னான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாக்கா?"

"எதத்தான் கேக்குறது டீச்சர்? ஏப்ரல்லயே பள்ளிக்கூடத்தத் தொறந்தீங்க, கேட்டனா? மார்க்குக்குப் பதிலா ஓடை, மலை, வானம்னு அட்டையில போட்டுக் குடுத்தீங்க. எம்புள்ள மலைன்னீங்க, சரின்னேன். இதும் கொள்கைன்னுதான் நெனச்சேன்." காசியம்மா கூடையை இடுப்புக்கு மாற்றினாள். "பயலுவ பூரா கடக்கரையில கிரிக்கெட்டு ஆடுறானுவ. இப்பப் போயிக் கூப்பிட்டா வந்துடுவானுவளா?"

வரமாட்டார்கள். தாமரைச்செல்வி திரும்பி வந்தாள்.

வகுப்பில் எலக்ட்ரீஷியன் சாதிக் பாட்சா சுவிட்ச் போர்டுகளைப் பரப்பிக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது இருபது ஸ்க்ரூடிரைவர். எப்போதும் அடிதடிதான் நடக்கும். இன்று ஆளுக்கு ஒன்று கொடுத்தும் இரண்டு மிஞ்சியது.

அதிகாரி உள்ளே நுழையும்போது பதினெட்டுத் தலைகளும் குனிந்திருந்தன. யாரும் எழுந்து வணக்கம் சொல்லவில்லை. ஒரு மூலையில் பல்பு எரிந்தது. வகுப்பே கூச்சல் போட்டது.

"இது பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூலா?"

"பெண் குழந்தைகளுக்குன்னு நாங்களே எடுத்த சிறப்பு முயற்சி சார்" என்றார் தேவிகா. கண் இமைக்கவில்லை.

அதிகாரி பல்பை எரியவிட்ட வெண்மதியிடம் போனார். "போன மாசமும் நீதான் கனெக்‌ஷன் குடுத்தியாம்மா?"

"பசங்க குடுத்தாங்க சார். நாங்க ஒயர் குப்பையக் கூட்டுனோம்."

அதிகாரி தேவிகாவைப் பார்த்தார். தேவிகா பல்பைப் பார்த்தார்.

பார்வையாளர் ஏட்டில் அரைப் பக்கத்துக்குப் பாராட்டி எழுதிவிட்டு அவர் காரில் ஏறினார். கார் தெருமுனை திரும்பும்வரை கும்பிட்ட கையை தேவிகா இறக்கவில்லை.

"உங்க போனு நம்மளக் காப்பாத்திடுச்சு டீச்சர். ஆனா இனிமே படிச்சுப் பாத்துட்டு அனுப்புங்க."

"சரிங்க மேடம்" என்றாள் தாமரைச்செல்வி. சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

பாவம், அந்தப் போன் யோக்கியமானது. அவள் மாற்ற மாற்ற, மூன்று முறையும் "பையில்லா" என்றுதான் திருத்தியது. அதோடு மல்லுக்கட்டித்தான் அந்த 'ன'வை உள்ளே நுழைத்திருந்தாள்.