வண்டிக்குப் பொறுப்பானவர்

"அந்த ஆட்டோ டிரைவரக் கூட்டினு வாம்மா. அப்புறம் பாக்கலாம்."

பிறப்புப் பதிவு கவுன்ட்டரில் இருந்த சம்பத் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

ராதிகா கைக்குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். பிள்ளை பிறந்து இன்றோடு முப்பது நாள். நாளையிலிருந்து பெரிய ஆபீசர் அனுமதி, உறுதிமொழிப் பத்திரம் என்று அலைய வேண்டும். கட்டினவன் ஆறாம் மாதமே கம்பி நீட்டிவிட்டான். அலைய அவளை விட்டால் நாதியில்லை.

ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வரும் வழியிலேயே பிறந்தது என்று ஒரு சீட்டு மட்டும் கொடுத்தார்கள்.

அது உண்மைதான். வேலப்பன்சாவடி பாலத்தடியில், ஆட்டோவின் பின்சீட்டில் பிறந்தது. பூ விற்கிற அம்மா ஒருத்திதான் ஓடி வந்து பிள்ளையை ஏந்தினாள். டிரைவர் எங்கேடி என்று அவள் கேட்டபோது, பயந்து ஓடிவிட்டான் என்று ராதிகா சொல்லிவைத்தாள். இங்கே கவுன்ட்டரிலும் அதையே சொன்னாள். அந்தப் பொய் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது.

"நான் பெத்தவ சார். நான் சொன்னா ஆவாதா?"

"ஓடற வண்டில பொறந்தா வண்டிய ஓட்னவர்தான் சொல்லணும். சட்டம்மா. ஓனர்கிட்டயும் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுப்போம்."

ஓனர் செங்கல்வராயன் லேசுப்பட்ட ஆள் இல்லை. அன்றைக்கு வண்டியை ஓட்டியது யார் என்று தெரிந்தால் அடுத்த நாளே சாவியைப் பிடுங்கிக்கொள்வார். அந்த டிரைவர் வீட்டில் அடுப்பு எரியாது.

குழந்தை வீறிட்டது. ஊருக்கே கேட்கிற மாதிரி அழுகிறது, காகிதத்தில் இன்னும் பிறக்கவே இல்லை.

"ஓடிப்போனவன் மேல உனக்கு இன்னாம்மா இவ்ளோ கரிசனம்?" என்று சொல்லிக்கொண்டே சம்பத் சாப்பாட்டுக்கு எழுந்தார்.

"உக்காருங்க சார்."

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. குழந்தையின் துணிப்பையில் அடிவரை கையை விட்டு, ஒரு லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

சம்பத் அதிலிருந்த படத்தைப் பார்த்தார். ராதிகாவைப் பார்த்தார்.

"டிரைவர் எங்கயும் ஓடல சார். வலி தாங்காம வண்டிய ஓரங்கட்டிட்டு, பின்னாடி போய்ப் படுத்துகினேன்."

பிள்ளைத்தாச்சிக்கு வண்டி தர மாட்டேன் என்று செங்கல்வராயன் முதலிலேயே சொல்லியிருந்தார். தொளதொள காக்கிச் சட்டைக்குள் வயிற்றை மறைத்து, கடைசி நாள்வரை ஓட்டினாள். இந்த ஒரு மாதமாக அவருக்குச் சொன்ன கதை, டைபாய்டு.

சம்பத் உட்கார்ந்து படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

தாய் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வண்டிக்குப் பொறுப்பானவர் என்ற இடத்திலும் போட்டாள்.

ஓனர் போன் நம்பர் என்ற இடத்தில் பேனா நின்றது.

குழந்தையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அதையும் எழுதினாள்.