வழி விட வேண்டியவர்

சிவப்பு எரிந்தது. நிறுத்தினேன்.

வெள்ளைக் கோட்டைத் தொடவில்லை. வண்டி முழுதாக நின்றது. உருண்டுகொண்டே நிற்பதெல்லாம் இங்கே நின்றதாகக் கணக்கில் வராது.

பக்கத்து இருக்கையில் தேர்வு அதிகாரி கொட்டாவி விட்டார். இடது பக்கம் என்று கையைக் காட்டினார்.

இந்தச் சந்திப்பில் சிவப்பு எரிந்தாலும் இடது பக்கம் திரும்பலாம். முதலில் நிற்க வேண்டும். பிறகு பார்க்க வேண்டும். சாலையைக் கடக்க ஒரே ஒரு ஆள் நின்றால்கூட, அவர் போன பிறகுதான் நாம் போக வேண்டும். விதிப் புத்தகத்தில் இது நான்கு வரி. எனக்குத் தலைகீழாகச் சொல்ல வரும்.

இரண்டு முறை நான் தோற்றதும் இதே வளைவில்தான்.

முதல் முறை பச்சை வரும்வரை நின்றேன். போகலாம் என்கிற இடத்தில் போகாமல் வழியை மறித்தாய் என்றார்கள். இரண்டாம் முறை போனேன். நடைபாதையிலிருந்து ஒருவர் ஒரு காலைக் கீழே இறக்கியிருந்தாரே, கண் தெரியவில்லையா என்றார்கள். நின்றாலும் குற்றம், போனாலும் குற்றம். எங்கள் வீட்டு ஆட்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

மூன்றாவது முறையும் தோற்றால் ஆறு மாதம் கழித்துத்தான் வரலாம். வேலை அதுவரை காத்திருக்காது. ஊர் ஊராகப் போய்க் குடிநீரைச் சோதிக்கிற வேலை. வண்டியை நீங்களே ஓட்ட வேண்டும், இந்த மாதத்துக்குள் லைசென்ஸோடு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். "வீட்டுல கார் இருக்கும்ல, ஓட்டிப் பழகிக்கோங்க" என்றார் நேர்காணலில் ஒருவர். எங்கள் தெருவின் அகலம் அவருக்குத் தெரியாது.

டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. "கார் ஓட்டறவ மாதிரி சாஞ்சு உக்காரும்மா. கார் துடைக்க வந்தவ மாதிரி நுனியில உக்காராத" என்று முதல் நாளே சொன்னார். சாய்ந்து உட்காரவே எனக்கு இரண்டு வாரம் ஆனது.

விதிப் புத்தகத்தை வீட்டில் சத்தமாகப் படிப்பேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்கும் அம்மா, நடப்பவருக்கு வழி விடும் பகுதி வந்ததும் சிரித்துவிட்டாள்.

"நமக்காகக் கார் நிக்குமாடி? எந்த ஊர்ல? படிச்சுப் படிச்சே நீ கெட்டுப்போயிட்ட."

அம்மாவுக்குத் தெரிந்த சாலை விதி ஒன்றுதான். கார் வந்தால் ஒதுங்கு. அதை என் முதுகில் அடித்தே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

இடது பக்கம் பார்த்தேன். கடக்கிற இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

தோளில் துணிப்பை. உடம்பின் பாரம் முழுக்க இடது காலில். வலது காலைத் தரையில் வைத்தும் வைக்காமலும் நின்றாள். ஓர் இடத்தில் வேலையை முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுகிறவள் என்று பார்த்தாலே தெரியும்.

நடப்பவருக்கான பச்சை விளக்கு அவளுக்கு எரிந்துகொண்டிருந்தது. சட்டப்படி இந்தச் சாலை இப்போது அவளுடையது.

அவள் இறங்கவில்லை.

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, போங்கள் என்று காட்டினேன். கண்ணாடி முழுக்க வெயில். உள்ளே ஒரு கை அசைந்தது வெளியே தெரிந்திருக்காது. அவள் ஓர் அடி பின்னால் போனாள். தலையைத் தாழ்த்தி, கையை நீட்டி, எனக்கு வழி காட்டினாள்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஒருவன் வைத்த கையை எடுக்காமல் அடித்தான்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தேர்வு நடக்கும்போது வெளியே நிற்பவரோடு பேசக் கூடாது. அதுவும் விதிதான்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் வருகிற கோபம் அது. அன்றைக்கு வரவில்லை. பிரேக்கை மிதித்திருந்த கால் மரத்துப்போய், அடியில் பிரேக் இருப்பதே தெரியவில்லை.

அதிகாரியின் பக்கத்து ஜன்னல் பாதி இறங்கியிருந்தது. அவள் லேசாகக் குனிந்தாள். உள்ளே பார்க்கவில்லை. கார்க் கதவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீங்க போங்க சார். நான் மெதுவாப் போய்க்கிறேன்."

அதிகாரி சிரித்தார். "உங்களத்தான் சார்ங்கறாங்க. இவங்கள்லாம் இப்படித்தாம்மா, நாள் பூரா நின்னாலும் போக மாட்டாங்க. நீங்க எடுங்க."

எடுத்தேன்.

கோடு தாண்டாமல், ஓரம் உரசாமல், சுத்தமாகத் திரும்பினேன். இதுவரை அவ்வளவு சுத்தமாகத் திரும்பியதில்லை.

பக்கக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். எனக்குப் பின்னால் வந்த காருக்கும் வழி விட்டாள். அதற்குப் பின்னால் வந்ததற்கும் விட்டாள். அதற்குள் அவளுடைய பச்சை அணைந்துவிட்டது.

அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

"பாஸ்" என்றார் அதிகாரி. "நடக்கறவங்களுக்காகப் பொறுமையா நின்னீங்க பாருங்க. அது எல்லாருக்கும் வராது."

நன்றி சொன்னேன். சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண்ணின் வலது செருப்பில், வார் அறுந்த இடத்தில் ஒரு ஊக்கு குத்தியிருக்கும். காருக்குள் இருந்து பார்த்தால் அது தெரியாது.

காலையில் கிளம்பும்போது நான்தான் குத்திக்கொடுத்தேன். இன்னைக்கு ஒரு நாள் சமாளிச்சுக்கோம்மா, நான் பாஸ் ஆகி வந்ததும் புதுசு வாங்கிக்கலாம் என்று.