பால் குடிக்கும் நேரம்

டோங்காவின் வவாவு தீவுக்கு அப்பால், குளிர்கால வெயிலில் படகோட்டி ஃபெலேத்தி எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கிறான். கல்லெறி தூரத்தில் தாய்த் திமிங்கிலம் அசையாமல் மிதக்கிறது. தென்கோடிப் பனிக்கடலிலிருந்து பட்டினியாகவே நீந்தி வந்து இங்கே ஈன்றவள். அவள் வயிற்றடியில் பால் குடித்த குட்டி மேலே வந்து புஸ்ஸென்று மூச்சுவிடுகிறது. படகிலிருக்கும் பயணிகளில் ஒருவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைபேசியைப் பார்த்துத் தலைமுடியைக் கோதுகிறார். “சும்மா கெடக்குதேப்பா! கிட்டப் போய் ஹாரன் அடி, குதிக்கட்டும்.” அழுகிய மீனைப் பார்ப்பதுபோல் ஃபெலேத்தி அவரைப் பார்க்கிறான். “உங்க வீட்டம்மா பிள்ளைக்குப் பால் குடுத்தப்பவும் ஹாரன்தான் அடிச்சீங்களா, ஐயா?” பக்கத்திலிருந்த அவர் மனைவிதான் முதலில் சிரிக்கிறாள். ஃபெலேத்தி எஞ்சினைத் தொடவில்லை. துடுப்பை எடுத்துச் சத்தமில்லாமல் கரையை நோக்கி வலிக்கிறான்.